ஆகாயத்தில் அளவையும் பிழையும்



தரையில் நின்று காற்றின் வெப்பநிலையை அளப்பது எளிது. பக்கங்களில் சாய்வான பலகைகள் அடுக்கப்பெற்ற வெள்ளைப் பெட்டி ஒன்றினுள் வெப்பமானியைத் தொங்கவிடுகிறோம். வெயில் அதன்மேல் நேரே படாது. மழை அதனை நனைக்காது. காற்று மட்டும் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும். சற்றுப் பொறுத்திருந்தால் வெப்பமானி ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். அதனைப் படித்துக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது.

ஆனால் மேகம் கூடுவதும், மழை கருக்கொள்வதும், புயல் தன் வலிமையைத் திரட்டுவதும் நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்திலன்றோ? அங்கே வெள்ளைப் பெட்டியை யார் நாட்டுவது? பலூனில் கருவியைக் கட்டி அனுப்பலாம். நாள்தோறும் அனுப்பியும் வருகிறார்கள். எனினும் பலூன் காற்று இழுத்த இழுப்புக்குப் போகும். நாம் வேண்டும் மேகத்திற்குள் போகாது. ஆகையால்தான் விஞ்ஞானிகள் விமானத்தையே பறக்கும் ஆராய்ச்சிச் சாலையாக மாற்றினார்கள். வெப்பநிலை, அழுத்தம், ஈரம், காற்றின் வேகம், தூசித் துகள், பல்வேறு வாயுக்கள் ஆகிய இவற்றையெல்லாம் இன்று விமானத்திலிருந்து அளக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரே மேகத்தினுள் இரண்டு விமானங்கள் அடுத்தடுத்துப் புகுந்து வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லும் வெப்பநிலைக்கும் மற்றொன்று சொல்லும் வெப்பநிலைக்கும் அரை டிகிரி வேற்றுமை இருக்கிறது. எது மெய்? அரை டிகிரிதானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? விட இயலாது. வளரும் மேகத்தினுள் இருக்கும் காற்று, தன்னைச் சூழ்ந்துள்ள காற்றைவிட ஒரு டிகிரியோ, அதனினும் குறைவாகவோதான் பெரும்பாலும் வெப்பம் மிகுந்திருக்கும். அந்தச் சிறு மிகுதியே மேகத்தை மேலே தூக்கும் விசை. அளவையில் அரை டிகிரி பிழை இருந்தால், எழும் மேகத்தை விழும் மேகம் என்று நாம் எழுதிவிட நேரும். ஆகவே, வானில் அளந்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் தரத்தை மதிப்பிடுவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. அக்கலையைப் பற்றியே நான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வோம். ஒரு கடிகாரம் நாள்தோறும் தவறாமல் 5 நிமிஷம் கூடுதலாகக் காட்டுகிறது. மற்றொரு கடிகாரம் ஒருநாள் 2 நிமிஷம் முந்தும். மறுநாள் 2 நிமிஷம் பிந்தும். சராசரி பார்த்தால் சரியாக இருக்கும். முதலாவது கடிகாரத்தில் சீர்மை உண்டு, செம்மை இல்லை. இரண்டாவதில் செம்மை உண்டு, சீர்மை குறைவு. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது ஒரே விடை வருவது சீர்மை. அந்த விடை உண்மைக்கு அணுக்கமாக இருப்பது செம்மை. சீர்மையைக் கருவியே நமக்குக் காட்டிவிடும். பல முறை அளந்து பார்த்தால் போதும். செம்மையை மட்டும் கருவி தானாகச் சொல்லாது. அதனை அறியக் கருவிக்கு வெளியே ஒரு துணை வேண்டும். கடைக்காரரின் எடைக்கல்லைச் சோதிக்க அரசாங்க முத்திரை பெற்ற கல் வேண்டும் அல்லவா? ஆகாயத்தில் அப்படிப்பட்ட முத்திரைக் கல் கிடையாது. இடர்ப்பாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வெப்பநிலையையே முதல் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விமானம் விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்கிறது. விமானத்திலிருந்து நோக்கினால், காற்றுத்தான் அவ்வேகத்தில் வெப்பமானியின்மேல் வந்து பாய்கிறது. பாய்ந்த காற்று தடைபட்டு நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதனால் வெப்பமானி உண்மையான வெப்பநிலையைக் காட்டாது. ஏறத்தாழ 5 டிகிரி சென்டிகிரேடு கூட்டியே காட்டும். வேகம் இரட்டித்து விநாடிக்கு 200 மீட்டரானால், இந்த மிகுதி இரட்டிப்பதோடு நில்லாமல் நான்கு மடங்காகி ஏறத்தாழ 20 டிகிரியாகும். வெளியே சுழிக்குக் கீழ் 40 டிகிரி குளிர். கருவியோ சுழிக்குக் கீழ் 20 என்று சொல்லும்.

அந்த 20 டிகிரியைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே என்பீர்கள். கழிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அக்கணக்குக்கு விமானத்தின் வேகம் தெரியவேண்டும். வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை இருந்தால், வெப்பநிலையில் 0.4 டிகிரி பிழை புகுந்துவிடும். மேலும், பாயும் காற்று வெப்பமானியில் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. அதன் ஆற்றலில் எத்தனை பங்கு வெப்பமாகிறது என்பது கருவியின் கூட்டமைப்பைப் பொறுத்தது. இதனை அறிய ஓர் அழகிய வழி இருக்கிறது. அமைதியான காற்றில், ஒரே உயரத்தில், விமானத்தை மெதுவாக ஒருமுறையும் விரைவாக ஒருமுறையும் ஓட்டுகிறார்கள். வெளிக்காற்று மாறவில்லை, ஆகவே திருத்திய வெப்பநிலையும் மாறக்கூடாது. மாறினால், திருத்தத்தில் கொண்ட பங்கு தவறு. விடை மாறாதபடி அப்பங்கைச் சரிசெய்து கொள்கிறார்கள். இங்கே விமானம் தன்னைத் தானே ஒப்பிட்டுக்கொள்கிறது.

மேகத்துள் புகுந்ததும் புதிய தொல்லை ஒன்று முளைக்கிறது. மேகத்தின் நீர்த்துளிகள் வெப்பமானியின் நுண்கம்பியை நனைக்கின்றன. நனைந்த கம்பியிலிருந்து நீர் ஆவியாகும்போது கம்பி குளிர்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இவ்விதமே. ஆகவே கருவி உண்மைக்குக் குறைவாகக் காட்டுகிறது. இதனைத் தடுக்கக் கருவியின் கூட்டினுள் காற்று சட்டென்று வளைந்து செல்லும்படி வழி அமைக்கிறார்கள். எடை மிக்க துளிகள் வளைய மாட்டாமல் நேரே போய்விடும் என்பது கருத்து. பெரும்பாலும் போகின்றன; ஆனால் எல்லாத் துளிகளும் போவதில்லை. இதனால் வேறொரு முறையையும் கண்டார்கள். காற்றிலுள்ள கரியமில வாயு வீசும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுவது அம்முறை. காற்றைத் தொடாமலே அளப்பதால் நனையும் கம்பி இதில் இல்லை. தெளிந்த வானில் இரு முறைகளும் ஒத்துப் போகலாம், மேகத்தினுள் மாறுபடலாம். ஆகவே, செம்மை என்பது கருவிக்கு மட்டும் உரிய குணம் அன்று. அது எந்தச் சூழ்நிலையில் வேலை செய்கிறது என்பதையும் பொறுத்தது. தெளிந்த வானில் பெற்ற நற்சான்றைக் காட்டி மேகத்தினுள் எடுத்த அளவுக்கு மதிப்புக் கேட்பது முறையாகாது.

இனி, காற்றின் வேகத்தை எடுத்துக்கொள்வோம். விமானத்திலிருந்து காற்றை நேரே அளக்க முடியாது. பூமியை நோக்க விமானம் எவ்வளவு வேகத்தில், எத்திசையில் செல்கிறது என்பது ஓர் அளவு. சூழ்ந்துள்ள காற்றை நோக்க அது எவ்வளவு வேகத்தில், எத்திசையில் செல்கிறது என்பது மற்றோர் அளவு. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பதே காற்றின் வேகம். பெரிய இரண்டு எண்களைக் கழித்துச் சிறிய எண் ஒன்றைப் பெறுகிறோம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடையை அறிய, பழத்தோடு ஒருமுறையும் பழமின்றி ஒருமுறையும் பாரவண்டி முழுவதையும் நிறுப்பது போன்றது இது! வண்டியின் எடையில் நேரும் சிறு பிழை பழத்தையே விழுங்கிவிடும்.

விநாடிக்கு 100 மீட்டர் செல்லும் விமானத்தின் மூக்கு, எதிர்வரும் காற்றோடு பக்கவாட்டில் எத்தனை கோணம் செய்கிறது என்பதில் ஒரு டிகிரி பிழைத்தால், குறுக்குக் காற்றில் விநாடிக்கு 1.75 மீட்டர் பிழை நேரும். மேலெழும் காற்றை அளப்பது இன்னும் கடினம். மேகங்களுக்கு வெளியே, அது பெரும்பாலும் விநாடிக்கு ஒரு மீட்டரை எட்டாது. அங்கே பத்தில் ஒரு டிகிரி பிழையே விநாடிக்கு 17 சென்டிமீட்டர் பிழையாகிவிடும். விமானத்தின் வேகத்தைக் காட்டும் சுழல் நிலைக்கருவிகளுக்கும் ஒரு குறை உண்டு. அவற்றின் பிழை, ஊஞ்சலைப்போல் ஏறத்தாழ 84 நிமிஷத்திற்கு ஒருமுறை முன்னும் பின்னுமாக ஆடும். செயற்கைத் துணைக்கோள்களைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறை வந்தபின் இவ்வாட்டத்தைக் கண்டு திருத்துவது எளிதாயிற்று.

இவ்விடத்தும் விமானம் தன்னையே சோதித்துக்கொள்ளும் உபாயம் ஒன்று உண்டு. காற்று கிழக்கு நோக்கி விநாடிக்கு 6 மீட்டர் வீசுகிறது என்போம். விமானத்தின் காற்றுவேகக் கருவி விநாடிக்கு 1 மீட்டர் கூட்டிக் காட்டுகிறது. ஆனால் இது நமக்குத் தெரியாது. கிழக்கே பறந்து கணக்கிட்டால் காற்றின் வேகம் 5 என்று வரும். அதே பாதையில் திரும்பி மேற்கே பறந்து கணக்கிட்டால் 7 என்று வரும். இடைப்பட்ட சில நிமிஷங்களில் காற்று மாறவில்லையென்றால், இரண்டின் சராசரியாகிய 6 உண்மையான காற்று. வேற்றுமையில் பாதியாகிய 1 கருவியின் பிழை. போன வழியே திரும்பி வந்ததனால் பிழை தானே வெளிப்பட்டுவிட்டது. கல்லூரி மாணவர்கள் இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் இதன் நயம் விளங்கும்.

மற்றொரு தொல்லை, விமானமே தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் குலைத்துவிடுவது. இறக்கையின் மேலும் உடலின் பக்கங்களிலும் காற்று விரைவதும் தயங்குவதுமாக இருப்பதால், அங்கே அழுத்தம் இயற்கையான அழுத்தமாக இராது. இதற்காகக் கருவிகளை விமானத்திற்கு முன்னே நீட்டி வைக்கிறார்கள். பிரிட்டனில் 1970களிலிருந்து 2001 வரை வானிலை ஆராய்ச்சிக்காகப் பறந்த ஹெர்க்குலிஸ் விமானம் ஒன்றின் மூக்கில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய நீண்ட கழி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூக்கைக் கண்டு அதற்கு 'ஸ்னூப்பி' என்று ஒரு நாயின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பார்ப்பவர்க்கு வேடிக்கை, விஞ்ஞானிக்கோ, குலையாத காற்றை எட்டிப் பிடிக்கும் கை. சில விமானங்கள் வாலிலிருந்து நீண்ட குழாயை அவிழ்த்துவிட்டு, நெடுந்தூரம் பின்னே, கலக்கம் அடங்கிய காற்றில் அழுத்தத்தை அளந்து ஒப்பிடுகின்றன.

தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் பிறருடைய சாட்சி வேண்டும். ஆகவே இரண்டு ஆராய்ச்சி விமானங்களை ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், இறக்கைக்கு இறக்கை அணித்தாகப் பறக்கச் செய்து அளவுகளை ஒப்பிடுகிறார்கள். ஒன்றன் பின்னே மற்றொன்று செல்லலாகாது. முன்னதன் புகையும் சுழலும் பின்னதன் கருவியைக் கெடுத்துவிடும். பக்கத்தில் பறந்தாலும், நொடிக்கு நொடி இரண்டும் ஒத்திருக்கும் என்று எதிர்பார்த்தல் தவறு. காற்றிலே சிறு சுழல்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. ஒரு விமானம் கண்ட சுழலை மற்றது காணாது. ஆதலால் சில நிமிஷங்களின் சராசரியையும், ஏற்ற இறக்கங்களின் பரப்பையுமே ஒப்பிடவேண்டும்.

தரையில் நாட்டிய உயர்ந்த கோபுரத்தின் கருவிகளோடு விமானத்தை ஒப்பிடுவதும் வழக்கம். அங்கும் கவனம் வேண்டும். விநாடிக்கு 100 மீட்டர் செல்லும் விமானம் ஒரு நிமிஷத்தில் 6 கிலோமீட்டர் காற்றைத் துருவிவிடுகிறது. கோபுரமோ நகராது, தன்னைத் தேடி வரும் காற்றையே அளக்கும். விநாடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால், அதே 6 கிலோமீட்டர் நீளக் காற்று கோபுரத்தைக் கடக்க 10 நிமிஷம் ஆகும். ஆகவே விமானத்தின் ஒரு நிமிஷத்தைக் கோபுரத்தின் பத்து நிமிஷத்தோடு ஒப்பிட வேண்டுமேயன்றி, ஒரு நிமிஷத்தோடு அன்று. எதனை எதனோடு ஒப்பிடுவது என்பதை முடிவு செய்வதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது.

1999ஆம் ஆண்டில் மாலத்தீவை நடுவாகக் கொண்டு நடந்த இந்துமாக்கடல் ஆராய்ச்சியில் இது நன்கு தெரிந்தது. தெற்காசியாவிலிருந்து கடல்மீது பரவும் புகையையும் தூசியையும் காசிதூ என்ற தீவிலிருந்த நிலையமும், ஒரு கப்பலும், ஒரு சி-130 விமானமும் அளந்தன. ஈரக் காற்றில் இத்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். விமானத்தின் குழாயினுள் புகும்போது காற்று சூடாவதால் உலர்ந்து சிறுக்கும். பெரிய துகள்கள் குழாயின் வளைவிலே மோதித் தங்கிவிடுவதும் உண்டு. இவற்றிற்கெல்லாம் திருத்தம் செய்து ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே, தீவும் கப்பலும் விமானமும் சொன்னவற்றை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்க முடியும்.

கடைசியாக, ஈரத்தின் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், விமானங்களின் பின்னே வெண்கோடு தோன்றும் காரணத்தை ஆராய வேண்டி, இங்கிலாந்தில் உயர்வானத்தின் ஈரத்தை அளக்கத் தொடங்கினார்கள். ஆலன் புரூவர் என்ற விஞ்ஞானி, ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்ஸனோடு சேர்ந்து, விமானத்திற்கு ஏற்ற உறைபனிக் கருவியை உருவாக்கினார். உலோகப் பரப்பு ஒன்றைச் சிறிது சிறிதாகக் குளிர்வித்து, எந்த வெப்பநிலையில் அதன்மேல் பனி படிகிறது என்று கண்ணால் நோக்குவது அதன் முறை. அடுக்கு மண்டலம் எனப்படும் உயர்வானத்தில், பனி படிய அப்பரப்பைச் சுழிக்குக் கீழ் 80 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அங்குள்ள காற்று அவ்வளவு வறண்டது! இங்கிலாந்தின் மேலே அவ்வளவு குளிர்ந்த இடம் வழக்கமாக இல்லை. அப்படியானால், அக்காற்றின் ஈரம் எங்கே உறைந்து உதிர்ந்தது? பூமத்திய ரேகையை அடுத்த வெப்ப மண்டலத்தில், 17 கிலோமீட்டர் அளவு உயரத்தில், அத்தகைய குளிர் இருக்கிறது. ஆகவே காற்று அங்கே மேலேறி, ஈரத்தை இழந்து, பின்னர் துருவங்களை நோக்கிப் பரவுகிறது என்று 1949இல் புரூவர் முடிவு கூறினார். உலகளாவிய இச்சுற்றோட்டம் இன்று புரூவர், டாப்ஸன் இருவர் பெயராலும் வழங்குகிறது. உறைபனிக் கருவி 20 டிகிரி பிழைத்திருந்தால் இந்த உண்மை கைக்கு எட்டியிராது.

இப்படித் தொடங்கிய துறையில், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு பெரும் ஐயம் எழுந்தது. மிகக் குளிர்ந்த பனிமேகங்களினுள்ளும் அவற்றின் அருகிலும், ஈரப்பதம் நூற்றுக்கு நூறை வெகுவாகத் தாண்டியிருப்பதாகச் சில விமானக் கருவிகள் காட்டின. மிகுந்த ஈரத்தைப் பனித்துகள்கள் ஏன் உறிஞ்சவில்லை? நாம் அறியாத பௌதிக விதி ஏதேனும் உண்டோ? அல்லது கருவிதான் பிழைத்ததோ? விடையைப் பொறுத்து, பனிமேகம் பூமியின் வெப்பத்தைக் காக்கும் திறனைப் பற்றிய நம் கருத்தே மாறக்கூடும். ஆனால் ஒரே விமானத்தில் பறந்த கருவிகளே தமக்குள் ஒத்துப்போகவில்லை.

ஆகவே 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில், 84 கனமீட்டர் கொள்ளளவுள்ள ஐடா என்னும் பெருங்கலத்தின் முன் பல நாட்டுக் கருவிகளையும் கூட்டினார்கள். கலத்தினுள் அழுத்தத்தையும் குளிரையும் ஈரத்தையும் உயர்வானத்தில் உள்ளவாறே மாற்றி மாற்றி அமைத்து, 10 நாள் அளந்தார்கள். ஒரு குழுவின் விடை மற்றொரு குழுவுக்குத் தெரியாது. நடுவர்களிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டது. பிறர் விடையைப் பார்த்தபின் நம் கணக்கைச் சற்றே சரிசெய்யும் ஆசை மனித இயல்பு; அதற்கு இடமில்லாமல் செய்தார்கள். முடிவு என்ன? பத்து லட்சம் பங்கு காற்றில் 10 முதல் 150 பங்கு வரை நீராவி இருந்தபோது, முதன்மையான கருவிகள் சராசரியிலிருந்து நூற்றுக்கு 10 பங்கு அளவில் வேறுபட்டன. மிகவும் வேண்டப்படுவதாகிய 1 முதல் 10 பங்கு வரையிலோ, வேற்றுமை நூற்றுக்கு 20 பங்கு அளவாக விரிந்தது. எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட முத்திரைக் கல் அங்கும் இல்லாமையால், சராசரியையே ஒப்புநோக்கும் அளவாகக் கொண்டார்கள். அதனால் எக்கருவியின் முழுச் செம்மையும் நிலைநாட்டப்படவில்லை என்பதையும் தம் அறிக்கையில் மறையாது எழுதினார்கள்.

இந்த வெளிப்படையான சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். பத்துப் பேர் ஒத்துச் சொன்னதனால் ஒன்று மெய்யாகிவிடாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவுகோலை வைத்துச் சரிபார்த்த இரண்டு கருவிகள், ஒன்றுபோலவே பிழைக்கவும் கூடும். ஆகவே, வெவ்வேறு பௌதிக விதிகளை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் ஒத்துப்போகும்போதுதான் நம்பிக்கை வலுக்கிறது. பனி படிவதைக் காணும் கருவியும், நீராவி ஒளியை விழுங்குவதைக் காணும் கருவியும் ஒரே விடை சொன்னால், இரண்டும் ஒரே விதமாகப் பிழைத்திருக்கும் என்று எண்ணுவதற்கு இடம் குறைவு.

மாணவ நண்பர்களே, துணைக்கோள்கள் மேலிருந்து காட்டும் அளவுகளைச் சரிபார்க்கவும், வானிலையை முன்னறிவிக்கும் கணக்குகளைச் சோதிக்கவும், இந்த விமானங்கள் கொண்டுவரும் எண்களையே பலவிடத்தும் உரைகல்லாகக் கொள்கிறார்கள். உரைகல்லையே உரைத்துப் பார்க்கும் வேலைதான் நான் இதுவரை விவரித்தது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை எடுக்கும்போது, மூன்று கேள்விகளை நீங்களும் கேட்டுக்கொள்ளலாம். நான் அளக்கும் பொருளை என் கருவியே மாற்றிவிடுகிறதா? வேறொரு வழியில் அளந்தாலும் இதே விடை வருமா? இவ்விடை எவ்வளவு பிழைத்திருக்கக்கூடும்? மூன்றாவது கேள்விக்கு உரிய விடையையும் எண்ணின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின்னர் அவ்வெண்ணை எடுத்தாளுபவர், அதனை எவ்வளவு நம்பலாம் என்பதை அதைக்கொண்டே அறிவார்.